டி-ஏ-டி-ஜி-ஏ-டி வைக்கப் போய் கம்பி அறுந்தது, மிச்சம் கரகரக்கிறது: உதவி தேவை

அம்பை_கிடார்:
அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். கிடார் பிடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. அக்கா பாடும்போது தம்புரா மாதிரி பின்னால் மீட்டலாம் என்று ஆசை. அதற்கு ஆறு கம்பியையும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி வைப்பது நல்லது என்றார்கள். ஆறாவது கம்பியை இறக்கினேன், சரி. இரண்டாவது கம்பி பி-யிலிருந்து ஏ-க்குப் போகவேண்டும். சுருதி காட்டும் ஆப்பில் ஏ வரட்டும் என்று முறுக்கிக்கொண்டே போனேன், வருவதற்குள் பட்டென்று அறுந்து விரலில் ஒரு கோடு. புதுசு மாட்டியாயிற்று. இப்போது மூன்று சிக்கல்:

ஆறாவது கம்பி முதல் மூன்று ஃப்ரெட்டில் (வீணை மெட்டு மாதிரி) கரகர என்கிறது. பழையபடி ஏற்றும்போது 'டிக்' என்று சத்தம் வந்து சுருதி தாவுகிறது. அக்கா பாடுவது ஐந்து கட்டை சுருதி, மோகன ராகம். மூன்றாவது கம்பி காதில் இடிக்கிறது என்கிறாள்.

பாளை_சுருதி:
தம்பி, ஆப் எழுத்தை மட்டும்தான் காட்டும், அது மேல் ஏ-யா கீழ் ஏ-யா என்று சொல்லாது. பி-யிலிருந்து ஏ இரண்டு அரைச்சுரம் கீழே. நீங்கள் பத்து அரைச்சுரம் மேலே கிளம்பிவிட்டீர்கள். இந்த ட்யூனிங்கில் ஆறு, இரண்டு, ஒன்று மூன்றுமே இறங்கும். எதுவும் ஏறாது.

ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் அதன் இழுவை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தொளதொளத்து ஃப்ரெட்டில் தட்டும். மெதுவாக மீட்டினால் பாதி சரியாகும். இதே ட்யூனிங்தான் என்றால் 12-க்குப் பதில் கொஞ்சம் தடிமனான 13 கம்பி செட் போடுங்கள். அப்படியும் கரகரத்தால் கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை கால் சுற்று தளர்த்திப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 'டிக்' சத்தம் நட் (கழுத்து நுனியில் கம்பிகள் உட்காரும் கட்டை) பள்ளத்தில் கம்பி சிக்குவது. பென்சில் முனையைப் பள்ளத்தில் நாலு தடவை தேய்த்தால் போதும். எப்போதும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. டி-யை ஸ வைத்தால் உங்கள் கம்பிகள் ஸ ப ஸ ம ப ஸ. மோகனத்தில் மத்திமமே கிடையாதே, அக்காவுக்கு இடிக்காமல் என்ன செய்யும்! மூன்றாவது கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்துங்கள், அது ப ஆகிவிடும். வீணையில் வாசிக்கிற நாலு தந்தியும் ஸ, ப தானே, அந்த நிறைவு கிடைக்கும். விரல் வலித்தால் அதே கம்பியை அரைச்சுரம் இறக்கி அந்தர காந்தாரமாக வையுங்கள், மோகனத்துக்கு அழகு. ஆனால் டி-யை ஸ வைத்தால் அது இரண்டு கட்டை. கேப்போவை (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) ஐந்தாம் ஃப்ரெட்டில் மாட்டினால் ஐந்து கட்டை.

தென்காசி_சாரல்:
ட்ரஸ் ராடைத் தொடுமுன் ஒன்று. ஆனி, ஆடிச் சாரலில் முன்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரும். அப்போது பார்த்து நான் உயரத்தைக் குறைத்தேன். பங்குனி வெயிலில் பலகை அமுங்கி எல்லாக் கம்பியும் கரகரத்தது. இரண்டு மாதம் பொறுங்கள்.

அம்பை_கிடார்:
அண்ணாச்சி, பென்சில் வேலை செய்தது. கேப்போ ஐந்தில், அதிலிருந்து இரண்டாம் ஃப்ரெட்டில் விரல். அக்கா ஒரு மணி நேரம் பாடினாள், முகம் சுளிக்கவில்லை. கரகர இன்னும் லேசாக இருக்கிறது, 13 செட் வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.