வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் யாரும் இல்லை: இந்த வேலையை விடலாமா?

ஐஸ்கணக்கு_ராமேஸ்வரம்:

எல்லாருக்கும் வணக்கம். ராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஏழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. படகு போகிற நாளில் அதற்கு ஐஸ் ஏற்ற வேண்டும், மறுநாள் காலை கரை சேர்ந்ததும் மீன் கட்டுகிற வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் மாட்டாத ஒரே கிழமை வெள்ளி. அதனால் எனக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு.

மனைவிக்கு ராமநாதபுரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. அவளுக்கு ஞாயிறு லீவு. மகன் மூன்றாம் வகுப்பு, அவனுக்கும் ஞாயிறுதான். வெள்ளிக்கிழமை நான் ஆற அமர எழுந்து வந்தால் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் வீட்டில் இருக்கும்போது நான் கரையில் பற்று நோட்டோடு நிற்கிறேன். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக எப்போது என்று யோசித்தால் கோயில் திருவிழாதான் நினைவுக்கு வருகிறது.

போன செவ்வாய் ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. புதன் விடியலில் ஐஸ் உறைய வைக்கிற கேனைத் தூக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பாருக்குள் நடுப்பகுதி உறையவே இல்லை. தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம், இரண்டு விரல் நுழைகிற ஓட்டைக்குள் தண்ணீர் நிற்கிறது. இதைக் கடலுக்குக் கொண்டுபோனால் மறுநாள் வரை தாங்குமா என்று படகுக்காரர்கள் கேட்பது நியாயம்தான், ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் கணக்கு மேசையில் உட்கார்ந்திருக்கிற நான். அன்றைக்கு வாங்கிய பேச்சு இன்னும் மனதில் கிடக்கிறது.

அதே நேரத்தில், நன்றாக உறைந்த நாளில் கேனைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சாய்த்ததும் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வருமே, கண்ணாடி மாதிரி, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தண்டு ஓடும், அதைப் பார்க்கிறபோது இந்த வேலையை விட மனம் வருவதில்லை. அப்புறம் எதிர்க்கடையில் ஒரு கருப்பட்டிக் காப்பி.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு வேலை இருக்கிறது, ஞாயிறு லீவு என்கிறார்கள். சம்பளம் மாதம் 3,000 ரூபாய் குறையும். போகலாமா? இப்படிக் கிழமை பொருந்தாத வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

பாம்பன்_தங்கச்சி:

அண்ணே, அந்தக் கடை ஜவுளிக்கடையாக இருந்தால் நன்றாக விசாரித்துவிட்டுப் போங்கள். நான் பாம்பனிலிருந்து தினமும் ராமநாதபுரம் போய்ச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். சேரும்போது எனக்கும் ஞாயிறு லீவு என்றுதான் சொன்னார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், நடுவில் முகூர்த்த மாதங்கள் என்று பார்த்தால் ஞாயிறுதான் கடையில் கூட்டமே, யார் விடுவார்கள்?

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் நம் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் மேற்பார்வையாளர் நம்மைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்ப்பார், தானாக எழுந்துவிடுவோம். ராத்திரி வீட்டுக்கு வந்து கெண்டைக்காலில் அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டால்தான் தூக்கம் வரும்.

எனக்குப் பிடித்தது ரயில்தான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள் இல்லையா, புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கிற வரைக்கும் பஸ்ஸில் இடிபட்டே போய்வந்தேன். இப்போது சாயங்காலம் மண்டபம் தாண்டி வண்டி பாலத்தில் ஏறினதும் பெட்டியில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்க்கிறோம். தினமும் பார்க்கிறவர்கள்தான், ஆனாலும் பார்க்கிறோம். ஒரு பக்கம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும், இன்னொரு பக்கம் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக்காற்று மாதங்களில் அப்படியே மாறிவிடும்.

அண்ணி ரயிலில்தானே போகிறார்கள்? வெள்ளிக்கிழமை நீங்களும் கூடவே ஏறுங்கள். ராமநாதபுரம் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம். இறக்கிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

விசைப்படகு_டிரைவர்:

தம்பி, உன் முதலாளியிடம் நேராகவே கேள். ஞாயிறு காலையில் படகு கரை பிடித்து, இறால் தனியாக, கணவாய் தனியாக, நண்டு தனியாகப் பிரித்து, எடை போட்டு ஏற்றி அனுப்பினால் 11 மணிக்கெல்லாம் கரை ஓய்ந்துவிடும். அதற்கு மேல் அங்கே என்ன கணக்கு இருக்கிறது? மீதியை ராத்திரி எழுதித் தருகிறேன் என்று சொல். ஏழு வருடம் வேலை பார்த்தவனுக்கு அரை நாள் தரமாட்டாரா?

ஐஸ் உறையாதது உன் தப்பு இல்லை. உன்னிடம் சத்தம் போட்டவன் நானாகக்கூட இருக்கலாம். டீசல் கடன், வலைக் கடன் எல்லாம் தலையில் ஏறி நிற்கிறபோது எதிரே இருக்கிறவன் மேல் போய்விடுகிறது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். உனக்கும் சம்பளம் இறங்கும் என்று தெரியும். எனக்கு வருமானமே கிடையாது. ஆனால் அந்த நாட்களில்தான் என் மகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தேன்.

பாசிக்காரி_மகள்:

எங்கள் அம்மா தீவுப் பக்கம் போய்க் கடல்பாசி எடுக்கிறவர். அம்மாவின் வேலைக்குத் திங்களும் கிடையாது ஞாயிறும் கிடையாது, அமாவாசையும் பௌர்ணமியும்தான் கணக்கு. தண்ணீர் வற்றி இறங்குகிற அந்த நாட்களில்தான் பாறை கைக்கு எட்டும். மரிக்கொழுந்துப் பாசி பாறையை விட்டு லேசில் வராது. விரல் ஒவ்வொன்றிலும் பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு போவார், திரும்பி வரும்போது துணி நைந்து விரல்நுனி வெளுத்து வெட்டு வெட்டாக இருக்கும். சின்ன வயதில் அந்தத் துணியைப் பிரித்துவிடுவது என் வேலை. உப்பு இறுகி முடிச்சு அவிழாது, பல்லால் கடித்துத்தான் இழுப்பேன். அம்மா அப்போதுதான் அன்றைக்குக் கடலில் பார்த்ததையெல்லாம் சொல்வார், ஆமை வந்தது, கூட வந்த அக்காவின் கண்ணாடி தண்ணீரில் விழுந்தது என்று. எங்கள் வீட்டில் லீவு நாள் என்று தனியாக ஒன்று இருந்ததாக நினைவில்லை, அந்தக் கால் மணி நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

உங்கள் மகனை ஒருநாள் ஐஸ் கம்பெனிக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்களா?

கீழக்கரை_புறாக்கூடு:

எங்கள் ஊரில் வெள்ளி லீவுதான் வழக்கமாக இருந்த லீவு, ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்ட பழக்கம் எனக்கு இன்றும் உயிர். அதனால் உங்கள் வருத்தம் நன்றாகப் புரிகிறது பாய். அண்ணியின் லேபில் மாதத்தில் ஒரு ஞாயிறு வேலை பார்த்து வெள்ளியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஞாயிறு வருவதற்கு யாராவது ஆள் வேண்டும் என்று அவர்களே தேடிக்கொண்டிருக்கலாம்.

ஐஸ்கணக்கு_ராமேஸ்வரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிரைவர் அண்ணன் சொன்ன மாதிரியே முதலாளியிடம் கேட்டேன். ஞாயிறு 12 மணிக்கு மேல் போய்க்கொள், கணக்கு மட்டும் ராத்திரிக்குள் வர வேண்டும் என்றார். இத்தனை வருடம் கேட்காமலே இருந்திருக்கிறேன். ராமநாதபுரம் வேலைக்கு இப்போதைக்குப் போகவில்லை.

மகனைச் சனிக்கிழமை விடியலில் கூட்டிப் போனேன். பார் வழுக்கி வந்ததும் இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் அழுத்தி வைத்தான், எடுக்கச் சொன்னாலும் எடுக்கவில்லை, கை சிவந்த பிறகு எடுத்து என் கன்னத்தில் வைத்தான்.

நேற்று வெள்ளி. பாம்பன் தங்கச்சி சொன்னபடி மனைவியோடு ரயில் ஏறினேன். பேச நிறைய இருந்தது. ஆனால் உச்சிப்புளி தாண்டும்போதே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ராமநாதபுரம் வந்து வண்டி நின்ற பிறகுதான் எழுப்பினேன்.