புரூனிங்: ‘கிளைகழிப்பு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

முடிவு மரங்களில் (தரவைக் கேள்வி கேள்வியாகக் கிளை பிரித்து முடிவுக்கு வரும் கணினி மாதிரிகளில்) தேவையற்ற கிளைகளை நீக்கும் புரூனிங்குக்குத் தமிழில் ‘வெட்டுதல்’ போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கணினியில் வெட்டி ஒட்டும் வேலைக்கு அந்தச் சொல்லை எப்போதோ கொடுத்துவிட்டோம். மேலும், இங்கே நடப்பது வெறும் வெட்டு அன்று. பெரும்பாலும் மரத்தை முழுதாக வளரவிட்டு, எந்தக் கிளையை எடுத்தால் புதிய தரவுகளில் பிழை அதிகரிக்காது என்று கணக்குப் பார்த்து நீக்குகிறோம்.

மரத்தைக் கழிப்பதும் கணக்குப் பார்ப்பதும் ஒரே சொல்லில் சேர்வதற்கு, புத்தாரே என்ற லத்தீன் வினையைப் பாருங்கள். கொடியையும் மரத்தையும் கழித்துச் சீராக்குவதே அதன் நேர்ப்பொருள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியர் கேட்டோ, திராட்சைக் கொடிகளைக் காலத்தோடு கழிக்கத் தொடங்கச் சொல்லும்போது இதைத்தான் ஆள்கிறார். இதே வினை வரவு செலவை நேர்செய்வதற்கும் வந்தது. எண்ணுதல், கருதுதல் என்றும் விரிந்தது. தூய்மையாக்குவதே இதன் கருத்து என்பது ரோமானிய அறிஞர் வாரோவின் விளக்கம்: தோட்டக்காரன் மரத்தைத் தூய்மையாக்குகிறான், கணக்கில் தொகை சுத்தமாக வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு மூலமான கொம்புத்தாரே இதிலிருந்து கிளைத்ததுதான். ஸ்பானியத்தின் போதார், இத்தாலியத்தின் போத்தாரே இரண்டும் இன்றும் கிளை கழிப்பதையே குறிக்கின்றன.

தமிழில் இதற்கு ஈடான வினை நம் கையிலேயே இருக்கிறது. தென்னையில் காய்ந்த மட்டையைக் கழிக்கிறோம். பத்தில் மூன்றையும் கழிக்கிறோம். தோட்டமும் கணக்கும் ஒரே வினையில் சந்திக்கும்போது வேறு சொல் தேடுவானேன்? ‘கழித்தல்’ என்று மட்டும் வைத்தால் கணிதத்தோடு குழம்பும். ஆகவே, ‘கிளைகழிப்பு’.

‘கவாத்து’ எனக்கும் பிடித்த சொல். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் அதுதான் வழக்கு. ஆனால் அது காவலர் அணிவகுப்புப் பயிற்சிக்கும் பெயர். அதிலிருந்து வினைவடிவங்களை ஆக்குவதும் கடினம். ஒவ்வொரு முறையும் ‘கவாத்து செய்’ என்றே எழுத வேண்டும்.

நரம்பு வலையமைப்பிலும் (மூளை நரம்புகளைப் போல இணைப்புகளால் பின்னிய கணினி மாதிரியிலும்) புரூனிங் உண்டு, ஆனால் அங்கே கிளையே இல்லையே என்று கேட்கலாம். அங்கே நீக்கப்படுவது பெரும்பாலும் வலுக்குறைந்த இணைப்பு, எனவே ‘இணைப்புக்கழிப்பு’. ‘கழி’ மாறாமல் நிற்க, முன்சொல் மட்டும் மாறுகிறது. மரம் வளரும்போதே தடுப்பதை ‘முன்கழிப்பு’ என்றும், வளர்ந்தபின் குறைப்பதைப் ‘பின்கழிப்பு’ என்றும் சொல்லலாம். ‘கழிப்பு’ என்றதும் கழிப்பறை நினைவுக்கு வருகிறது என்பவர்கள் ‘கிளைநீக்கம்’ வேண்டும் என்கிறார்கள். அதில் கணக்கின் சாயல் போய்விடுகிறது; எனக்கு அது பெரிய இழப்பு.

மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு அதன் வினைவடிவத்தையும் சேர்த்து எழுதுங்கள்.