"கதவைத் திறக்காதடி!": மிகைத் திகில் டெலிமூவி எப்படிப் பிடித்து இழுக்கிறது? மலேசியாவில் வேலை தெரிந்தவர்கள் சொல்வது

செந்தூல், திரைக்கதை:

டெலிமூவி, அதாவது டிவிக்கென்றே எடுக்கும் படம், ஓடும் நேரத்தில் கூடத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. கதாநாயகி தாழ்ப்பாளில் கை வைத்ததும் "கதவைத் திறக்காதடி!" என்று ஒரு குரல் எழும். "அவன் மாடியில இருக்கான், கீழ எங்க போற?" என்று இன்னொரு குரல் வரும். இந்தக் குரல்களை வரவழைப்பதுதான் திரைக்கதைக்காரர் வேலை. பார்ப்பவருக்குத் தெரிந்தது கதாநாயகிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். புதிதாக வந்த வாடகைக்காரன் கெட்டவன் என்பதைக் கடைசி வரை மறைக்காமல், முதல் பத்து நிமிடத்துக்குள் போட்டு உடைத்துவிட வேண்டும். அதன்பிறகு அவன் வீட்டுப் பிள்ளைக்கு மீலோ கலக்கிக் கொடுத்தாலும் வீடே பதறும்.

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்கியவர் பாதியில் எழுந்து போகமாட்டார். வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது, விளம்பரம் வேறு வருகிறது. இரண்டு மணி நேர ஒளிபரப்பு இடத்தில் படம் ஏறக்குறைய 85 முதல் 90 நிமிடம் நிற்கும், மீதி விளம்பரம். அதை ஏழு எட்டு துண்டாக வெட்டினால், ஒவ்வொரு துண்டின் கடைசி நொடியிலும் ஒரு கொக்கி வேண்டும். பலர் செய்யும் பிழை, கொக்கியாகக் கேள்வி போடுவது. "யார் அவன்?" என்று முடித்தால் ஆள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். கொக்கியில் செயல் பாதியில் நிற்க வேண்டும்: சாவி பூட்டுக்குள் திரும்புகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை, பிள்ளையின் செருப்பு மட்டும் வாசலில் கிடக்கிறது. முதல் துண்டை மட்டும் நீளமாக விடலாம், 18 நிமிடம் வரை. கடைசி இரண்டு துண்டும் எட்டு ஒன்பது நிமிடத்தைத் தாண்டினால் வேகம் செத்துவிடும்.

அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் 1969இல் வாரம் ஒரு தொலைக்காட்சிப் படம் என்று தொடங்கியது. அந்த வரிசையில் 1971இல் வந்தது ஸ்பீல்பெர்க்கின் 'டூயல்'. 74 நிமிடப் படம், ஒரு கார், ஒரு பழைய டாங்கர் லாரி, அந்த லாரி ஓட்டுநரின் முகம் கடைசி வரை தெரியாது. பிறகு வெளிநாட்டுக் கொட்டகைகளுக்குப் போனபோது நீளம் போதாமல் கூடுதல் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். அதில் கற்றுக்கொள்ள வேண்டியது, ஒரே அபாயத்தை எடுத்து அதை எல்லை தாண்டி ஏற்றிக்கொண்டே போவது. நம் பக்கத்து டெலிமூவிகளில் கொலைகாரன், பேய், சொத்துத் தகராறு, இரட்டைப் பிறவி எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடுகின்றன. அப்படிக் குவித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்றையே பெரிதாக்கினால்தான் அது மிகை.

பெட்டாலிங் ஜெயா பக்கம், எடிட்டிங்:

அண்ணன் கதையைச் சொன்னார், நான் அந்த மூன்று வெட்டைச் சொல்கிறேன். அதிர்ச்சிச் செய்தி கேட்டதும் ஒரே முகத்தை மூன்று தடவை, 'ஷ்ஷூம், ஷ்ஷூம், ஷ்ஷூம்' என்று காட்டுவது. எல்லோரும் கேலி செய்வார்கள், ஆனாலும் சரியாகச் செய்தால் அடிவயிறு இறங்கும். சரியாகச் செய்வதுதான் கஷ்டம்.

நமக்கு நொடிக்கு 25 ஃபிரேம். முதல் வெட்டு 12 ஃபிரேம், இரண்டாவது 10, மூன்றாவது 35க்கு மேல். மூன்றையும் ஒரே நீளமாக வைத்தால் தாளம் தட்டையாகிவிடும், மூன்றாவது நீண்டால்தான் பார்ப்பவர் மூச்சுவிட முடியும். தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வர வேண்டும்: இடுப்பளவு, தோளளவு, கண். சத்தம் வெட்டுக்கு மூன்று ஃபிரேம் முன்பே தொடங்க வேண்டும். வெட்டும் சத்தமும் ஒரே இடத்தில் விழுந்தால் சத்தம் ஒட்டவைத்ததுபோல் தனியாகக் கேட்கும்.

மூன்று கேமரா தேவையில்லை. 4கே தெளிவில் எடுத்து 1080 தெளிவில் கொடுக்கும்போது படத்தை இருமடங்கு வரை பெரிதாக்கலாம், கூர்மை போகாது. ஆனால் ஃபோகஸ் கண்ணில் இருந்திருக்க வேண்டும். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்த ஷாட்டை இருமடங்காக்கினால் அந்தப் பிழையும் இருமடங்காகத் தெரியும். செட்டில் இயக்குநர் "கட்" சொல்லும் முன் ஆறு நொடி அந்தப் பார்வையைப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். பலர் இரண்டு நொடியில் விட்டுவிடுகிறார்கள், எடிட்டிங் மேசைக்கு வந்தபிறகு கண் இமைக்காத 35 ஃபிரேம் கிடைப்பதில்லை. வேறு வழியின்றி ஸ்லோமோஷன் போடுகிறார்கள், அது அப்பட்டமாகத் தெரிகிறது.

ஒரு துண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்யக் கூடாது. மருமகள் காப்பி கொட்டினதுக்கும் மூன்று வெட்டு போட்டால், பிணம் கிடைக்கும்போது போட ஒன்றும் மிச்சமிருக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸ், ஒலி:

பயத்தில் பெரும்பங்கு காதில்தான் இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010இல் கொண்டுவந்த ஆர்128 அளவுகோலின்படி நிகழ்ச்சியின் சராசரி ஒலி −23 எல்யூஎஃப்எஸ் (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு), உச்சம் −1 டெசிபலைத் தாண்டக் கூடாது. சராசரி என்பதைக் கவனியுங்கள். படம் முழுக்க இசை முழங்கிக்கொண்டே இருந்தால், திடீர் அடி போடும் இடத்தில் ஏற்றுவதற்கு இடமே இருக்காது. முன்னால் நான்கு நொடி அமைதி விட்டால், அதே அடி இருமடங்கு பெரிதாகக் கேட்கும். அந்த நான்கு நொடியை வெறும் வெற்றிடமாக விடக் கூடாது. டிவி கெட்டுப்போச்சு என்று ரிமோட்டைத் தட்டுவார்கள். அறையின் சொந்த ஓசை இருக்க வேண்டும், எங்கோ ஒரு பல்லி, கடிகாரம். இதற்காக ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிறுத்தி ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்து வையுங்கள். நேரமில்லை என்று விட்டால் பிறகு எங்கும் கிடைக்காது.

வீட்டில் எடுக்கும்போது மேல்விசிறியையும் ஐஸ்பெட்டியையும் நிறுத்த வேண்டும். ஐஸ்பெட்டியைத் திரும்பப் போட மறந்தால் வீட்டுக்காரர் மீனெல்லாம் கெட்டுவிடும். அதனால் கார் சாவியை ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, மறக்கவும் மாட்டீர்கள். ஒலிக்காரர்கள் வழிவழியாகச் செய்வது இது.

பாங்கு நேரத்தைப் பார்த்து அட்டவணை போடுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மாலை நாலு மணிக்குமேல் கோலாலம்பூரில் இடி மழையை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை இறங்கினால் வசனம் அவ்வளவுதான். அப்போது நடிகரைக் காருக்குள் உட்கார வைத்துக் கண்ணாடியை ஏற்றி, அடுத்த ஓய்வில் அதே வசனத்தை மூன்று தடவை பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். அதே நாள், அதே தொண்டை. இரண்டு வாரம் கழித்து ஸ்டுடியோவில் பேசினால் அந்தப் பதற்றம் வராது.

இடியைப் பற்றி ஒன்று. உண்மையில் ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். மின்னலும் இடியும் ஒரே ஃபிரேமில் விழுவது பொய்தான், நல்ல பொய். ஆனால் எடுத்ததும் அங்கே போக வேண்டாம். கொலைகாரன் தெருமுனையில் இருக்கும்போது இடைவெளி 75 ஃபிரேம், படிக்கட்டில் 25, கதவுக்குப் பின்னால் நிற்கும்போது பூஜ்யம். பார்ப்பவர் எண்ணமாட்டார், உடம்பு எண்ணிவிடும்.

பட்டர்வொர்த், கலைப்பொருள்:

ரத்தம். எல்லோரும் கடையில் ரோஸ் சிராப் வாங்கி ஊற்றுகிறார்கள். அது கேமராவில் இளஞ்சிவப்பு, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், தண்ணீராக ஓடும். மிகைப் படத்தில் ரத்தம் நிறைய வரலாம், ஆனால் பாண்டுங் தண்ணீர்போல் (ரோஸ் சிராப்பில் பால் கலந்த பானம்) இருந்தால் அந்த நிமிடமே படம் முடிந்தது.

குளுக்கோஸ் பாகு 250 மில்லி. கொக்கோ தூள் ஒரு தேக்கரண்டியை 50 மில்லி வெந்நீரில் முதலில் கட்டியில்லாமல் கரைத்துப் பாகில் சேர்க்கவும். கொக்கோதான் ஊடுருவும் தன்மையைக் கொல்கிறது. சிவப்புச் சமையல் வண்ணம் இரண்டு தேக்கரண்டி, நீலம் இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டு விழுந்தால் ஊதாவாகிவிடும், திருத்த முடியாது, புதிதாகக் கலக்க வேண்டியதுதான். சட்டையில் படுவதற்கு மட்டும் என்றால் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விடலாம், கறை ஓரளவு எளிதாகப் போகும். வாயில் வைப்பதில் அதைச் சேர்க்கவே கூடாது, இரண்டு பாட்டிலுக்கும் வேறு வேறு மூடி, வேறு வேறு எழுத்து. படப்பிடிப்பு விளக்கின் கீழே வெள்ளைத் துணியில் தடவிக் கேமரா வழியாகப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள், மஞ்சள் விளக்கில் எல்லாம் ஆரஞ்சாகும். இரவுக்குள் எறும்பு வரும். தட்டுகளைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தாம்பாளத்துக்குள் வைத்துவிடுங்கள், வீட்டில் பலகாரத்துக்குச் செய்வது போலத்தான். ஒரே மாதிரிச் சட்டை மூன்று வேண்டும், ஒவ்வொரு கறையையும் போனில் படம் எடுத்து வைக்க வேண்டும். இடது தோளில் இருந்த கறை அடுத்த ஷாட்டில் வலது தோளுக்குப் போனால், அதைக் கண்டுபிடிப்பது எட்டு வயதுப் பிள்ளையாக இருக்கும்.

கண்ணாடி ஜன்னல் உடைக்க சீனிக் கண்ணாடி: சீனி 700 கிராம், தண்ணீர் 480 மில்லி, குளுக்கோஸ் பாகு 240 மில்லி, மெல்லிய தீயில் 150 பாகை செல்சியஸ் வரை. வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள். 160ஐத் தாண்டினால் பழுப்பாகிவிடும், போத்தலுக்கு ஆகும், ஜன்னலுக்கு ஆகாது. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிடவும். ஐரோப்பியச் செய்முறைகளில் "இரண்டு நாள் வைத்திருக்கலாம்" என்று போட்டிருக்கும். நம் ஊர் ஈரத்தில் சில மணி நேரத்தில் பிசுபிசுத்து வளைந்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து அன்றே உடைத்துவிட வேண்டும். விளிம்பு கூராகத்தான் உடையும், முகத்துக்கு நேராக அடிக்க விடாதீர்கள், தரையில் வெறுங்காலோடு யாரும் நடக்கக் கூடாது.

துப்பாக்கி வேண்டுமென்றால் போலியும் இங்கே விளையாட்டில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் போலி ஆயுதத்துக்கும் இடமிருக்கிறது. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் படப்பிடிப்புச் சான்றிதழ் வேறு, போலீஸ் அனுமதி வேறு, இரண்டும் கையில் இல்லாமல் தெருவில் எடுக்காதீர்கள். உண்மையில் கத்தரிக்கோல், இடியாப்ப உரல், அம்மிக் குழவி இவைதான் நம் வீட்டுக் கதைக்கு அதிகம் பயம் தரும். துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறது?

ஜார்ஜ்டவுன், ஒளி:

மழை சும்மா பெய்தால் கேமராவில் தெரியாது. விளக்கு மழைக்குப் பின்னால், கேமராவைப் பார்த்தபடி இருக்க வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். குழாயை நேரே பீய்ச்சாமல் வானத்தை நோக்கிப் பிடித்து, தண்ணீர் தானாகக் கீழே விழவிடுங்கள். கசிவு வெட்டும் சுவிட்ச் இல்லாத வயரில் விளக்கைச் செருகக் கூடாது, நனைந்த தரையில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

ஜார்ஜ்டவுன் கடைவீட்டு ஐந்தடி நடைபாதை திகிலுக்கென்றே கட்டியது போல் இருக்கும்: தூண், நிழல், தூண், நிழல். வில்லன் ஒவ்வொரு தூணுக்குப் பின்னும் மறைந்து வெளிப்படும்போது ஒரு தூண் நெருங்கியிருந்தால் போதும், ஓடவே வேண்டாம். அங்கே பழைய டியூப்லைட் நிறைய. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 நொடி. சினிமா தோற்றம் வேண்டும் என்று 24க்கு மாற்றினால் ஷட்டர் கோணத்தை 172.8 பாகை ஆக்குங்கள். 180இலேயே விட்டால் படம் மெல்லத் துடிக்கும், கேமராவின் குட்டித் திரையில் தெரியாது, டிவியில் தெரியும்.

பினாங்கின் கொடிமலைப் பங்களாக்களில் எடுக்க நினைப்பவர்கள் பனிமூட்டத்தை நம்பிப் போகாதீர்கள். ஒரு ஷாட்டில் இருக்கும், அடுத்த ஷாட்டில் இருக்காது.

செந்தூல், நடிப்புப் பயிற்சி:

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, வில்லி அத்தை ஒரு கணம் "இது நாடகம்தானே" என்று பார்த்தால் அத்தனையும் போச்சு. அளவுக்கு மீறிய கதையை அளவு மீறி நடிக்கக் கூடாது. விஷம் கலக்கும் அத்தை தன் அண்ணன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று முழுமனதாக நம்ப வேண்டும். குரலை ஏற்றாமல் இறக்க வேண்டும். "சாப்பிடும்மா, ஆறிப்போகுது" என்ற வரியைச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும், பரிமாறும் கை மட்டும் ஒரு கணம் தாமதிக்க வேண்டும். முகத்தைச் சுளித்தால் பயம் போய்விடும், கரண்டி நின்றால் வரும்.

பாதிக்கப்படும் பெண்ணுக்கும் இதேதான். அவளை முட்டாளாக ஆக்காதீர்கள். கதவைத் திறக்க அவளுக்கு ஒரு காரணம் கொடுங்கள், பிள்ளை வெளியே அழுகிறது என்று. அப்போதுதான் வீட்டில் இருப்பவர்கள் அவளைத் திட்டாமல் எச்சரிப்பார்கள். அந்தக் குரலில் உள்ள அக்கறைக்காகத்தான் இவ்வளவு கஷ்டமும்.

பட்டர்வொர்த், கலைப்பொருள்:

அக்கா சொன்ன கரண்டிக்கு ஒரு குறிப்பு. எவர்சில்வர் கரண்டி விளக்கைத் திருப்பி அடிக்கும், கேமராமேன் கேட்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பித்தளைக் கரண்டி, மேலே மெல்லிசாக முகப் பவுடர் தட்டியது. விஷமாகக் காட்ட மாவு போடாதீர்கள், குழம்பில் கட்டியாக மிதக்கும். பொடித்த சீனி போடுங்கள், விழும்போது தெரியும், ஒரு கிளறலில் காணாமல் போகும்.