கூடத்தில் வைத்த ஃபைகஸ் இலை கொட்டுகிறது, என்ன செய்யலாம்?

குடந்தைக்காரி:
வணக்கம். மூன்று வாரம் முன்பு நர்சரியில் ஃபைகஸ் பெஞ்சமினா ஒன்று வாங்கினேன். 4 அடி உயரம், இலை ஓரம் வெள்ளையாக இருக்கும் வகை. எங்களுடையது கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு, நடுவில் முற்றம். செடியைக் கூடத்தில் ஊஞ்சலுக்குப் பின்னால் சுவர் மூலையில் வைத்தேன், முற்றத்திலிருந்து 15 அடி இருக்கும். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்து இப்போது பச்சை இலைகூடத் தொட்டால் விழுகிறது. இன்று காலை பெருக்கும்போது எண்ணினேன், 40 இலை. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் ஒரு சொம்பு ஊற்றுகிறேன். வந்த அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றி, எங்கள் வயல் வண்டல் மண்ணைப் போட்டேன். அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பூ கட்டுகிறார். எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

பாமணிக்கரை:
சகோதரி, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். நர்சரியில் அது பச்சை வலைக்கு அடியில் நாள் முழுக்க வெளிச்சத்தில் நின்றிருக்கும், நீங்கள் வைத்த மூலையில் அதில் சின்னப் பங்குகூடக் கிடைக்காது. இடம் மாறினாலே பெஞ்சமினா இலையை உதிர்க்கும், அது அதன் குணம். ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி தண்ணீரும் குறைவாகத்தான் இழுக்கும், இலை விழுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம், வேர் மூச்சு முட்டிப்போகும். வெள்ளை ஓரம் போட்ட வகைக்கு இலையில் பச்சை குறைவு, அதனால் முழுப் பச்சை வகையைவிட அதிக வெளிச்சம் வேண்டும்.

மதியம் 12 மணிக்குச் செடி இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் ஆகாது. மங்கலாக, ஆனால் விரல் தெரிகிற மாதிரி விழுந்தால் சரி. முற்றத்துத் தூண் பக்கம் கொண்டுபோய் வையுங்கள், அப்புறம் ஒரு மாதம் அசைக்காதீர்கள்.

மாயவரம்_மாடி:
பாமணிக்கரை அண்ணன் சொன்னது சரி, ஆனால் தூணுக்கு உள்பக்கம் வையுங்கள் அக்கா, முற்றத்தில் இறக்கிவிடாதீர்கள். நம் ஊரில் சித்திரையிலும் ஆவணியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும், முற்றத்தில் செங்குத்தாக இறங்கும். நிழலில் இருந்து பழகிய இலை அதைத் தாங்காது. சித்திரையில் என் ரப்பர் செடியை ஒரே நாள் அப்படி வைத்தேன், சாயங்காலம் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி இலை நடுவில் பழுப்புத் திட்டு. அந்தத் திட்டு மாறவே இல்லை. காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் நல்லது. இன்னொன்று, ஐப்பசி மழையில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் கொட்டும், தொட்டி அங்கே இருந்தால் நிரம்பி நிற்கும்.

நாற்றங்கால்:
15 வருடமாகத் தஞ்சாவூர் பக்கம் செடி விற்கிறேன். நீங்கள் மூவருமே மண்ணை விட்டுவிட்டீர்கள். வண்டல் நெல்லுக்குத் தங்கம், தொட்டிக்கு ஆகாது. நனைந்தால் களியாக ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கித் தொட்டி ஓரத்தை விட்டு விலகும். அப்புறம் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும், நடுவேர் காய்ந்தே கிடக்கும். கோயில் மதிலில் முளைக்கிற அரசங்கன்றைப் பாருங்கள், அதுவும் ஃபைகஸ் குடும்பம்தான், செங்கல் இடுக்கில் பிடி மண் இல்லாமல் நிற்கிறது. அந்த வேருக்குக் காற்று வேண்டும்.

தொட்டியைச் சாய்த்துச் செடியை உருவி வேரை முகர்ந்து பாருங்கள். கறுத்துக் கொழகொழவென்று நாறினால் அந்த வேரை வெட்டிவிட்டு, செம்மண், ஆற்று மணல், தேங்காய் நார்த்தூள், மக்கிய எரு நான்கையும் சம அளவில் கலந்து நடுங்கள். வெட்டும்போது வரும் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். மேல் மண் விரலில் ஒரு கணு ஆழம் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். புதுத் துளிர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம்.

குடந்தைக்காரி:
பதினெட்டு நாள் ஆகிறது. உருவிப் பார்த்தேன், அடியில் சாணி மாதிரி களி, சாக்கடை வாடை, கால்வாசி வேர் போயிருந்தது. வெட்டி, மண் மாற்றி, தூணுக்கு உள்பக்கம் வைத்தேன். இப்போது ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் கேட்கிறது. நேற்று விழுந்தது 3 இலை. அம்மாவும் பூக்கூடையை அங்கேயே மாற்றிக்கொண்டார். மொட்டையாக நிற்கிற குச்சிகளை வெட்டிவிடலாமா?

நாற்றங்கால்:
அவசரப்படாதீர்கள் அம்மா. குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, அந்தக் கணுவிலேயே துளிர்க்கும். பழுப்பாக இருந்து வளைத்தால் படக்கென்று ஒடிந்தால் மட்டும், பச்சை வருகிற இடம் வரை வெட்டுங்கள்.