டேக்ஆஃப் ஓட்டத்தில் ஏர்ஸ்பீட் முள் அசையவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

நீலவானம்:
முழு த்ராட்டில் (என்ஜின் விசை), செஸ்னா 172 பயிற்சி விமானம். "ஏர்ஸ்பீட் அலைவ்" (வேகமானி வேலை செய்கிறது) என்று சொல்ல வாயெடுத்தால் முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. வெளியே ரன்வேயின் வெள்ளைப் பட்டைகள் மூக்குக்குக் கீழே பறக்கின்றன, முள் மட்டும் செத்துக் கிடக்கிறது. இன்ஸ்ட்ரக்டரின் கை என் கைமேல் வந்து த்ராட்டிலை இழுத்தது. திரும்பி வந்து பிட்டோவை, அதாவது எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்குக் கொடுக்கும் குழாயைப் பார்த்தால் உள்ளே ஈர மண், குளவி வேலை. கவரைக் கழற்றிய பிறகு வண்டி கொஞ்ச நேரம்தான் சும்மா நின்றது. அதற்குள்ளா? ஏறியிருந்தால் மேலே போனதும் சரியாகியிருக்கும் என்கிறான் கூடப் படிப்பவன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

தெற்குக்காற்று:
அதற்குள் முடியும். 2013 நவம்பரில் பிரிஸ்பேனில் ஒரு ஏ330 தரையில் நின்ற இரண்டு மணி நேரத்தில் குளவி கூடு கட்டிவிட்டது.

உங்கள் நண்பர் சொல்வது முழுத் தவறு. பிட்டோவின் வாயும் வடிகால் துளையும் சேர்ந்து அடைத்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் சிக்கிக்கொள்ளும். ஏற ஏற ஸ்டாட்டிக் அழுத்தம், அதாவது சுற்றுக் காற்றின் அழுத்தம், குறையும்; முள் காட்டுவது இந்த இரண்டின் வித்தியாசத்தை, அதனால் தானாக எழும். அது வேகம் இல்லை, உயரம். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டாவில் ஒரு போயிங் 757-க்கு இதுதான் நடந்தது. ஓட்டத்திலேயே கேப்டன் பக்கத்து முள் வேலை செய்யவில்லை, மேலே போனதும் உயிர் வந்தது. பொய்யான அந்த வேகத்தை வைத்து ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கியது, கடைசியில் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசை இழந்து, கடலில் விழுந்தது. 189 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. உங்கள் இன்ஸ்ட்ரக்டரின் கை செய்தது பெரிய காரியம்.

கழுகுக்கண்:
எனக்கு ஆல்டிமீட்டர் (உயரமானி) விஷயம். சர்க்கியூட்டில், அதாவது ரன்வேயைச் சுற்றும் பாதையில், இரண்டு விமானங்கள், இருவருக்கும் ஒரே உயரம். டவுன்விண்டில் (அதில் ரன்வேக்கு இணையாகப் போகும் பகுதி) முன்னால் போகிறவரைத் தேடினேன். எனக்கு நேர் எதிரே தெரிய வேண்டிய விமானத்தின் முதுகு தெரிந்தது, இறக்கையின் மேல்பக்கம் முழுசாக. கியூஎன்ஹெச், அதாவது ஆல்டிமீட்டரில் வைக்க வேண்டிய காற்றழுத்தம், 1002 ஹெக்டாபாஸ்கல்; அவர் வைத்திருந்தது 1012. முள் சொன்னதைவிட 300 அடி கீழே பறந்துகொண்டிருந்தார்.

மேகமலை:
300 இல்லை, தரைக்கருகில் ஒரு ஹெக்டாபாஸ்கலுக்கு சுமார் 27 அடி, ஆக 270.

என் கதை சின்னது. 3000 அடி உயரத்தில் இருக்கும் ஏரோட்ரோம், 35 டிகிரி வெயில். பைனலில் (இறங்கும் கடைசி நேர்கோட்டில்) 65 நாட் வேகம் சரியாக இருக்கிறது, தரை மட்டும் தறிகெட்டு ஓடுகிறது. கூட வந்த மாணவன் வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கப் பார்த்தான்.

மாணவர்களே, தூக்காதீர்கள். அந்த உயரத்தில் ஸ்டாண்டர்டு, அதாவது கணக்குக்கு எடுக்கும் வழக்கமான வெப்பநிலை 9 டிகிரி. 26 டிகிரி கூடுதல், டிகிரிக்கு 120 அடி, ஆக டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது காற்றின் அடர்த்தி ஒத்துப்போகும் உயரம், 6000 அடிக்கு மேல். ஆயிரம் அடிக்கு 2 சதவீதம்வரை ட்ரூ ஏர்ஸ்பீட் (காற்றில் உண்மையான வேகம்) கூடும், அதாவது 71 நாட் பக்கம். இறக்கைக்குத் தெரிவது முள் காட்டும் 65-தான், ஸ்டால் ஆவதும் கடல்மட்டத்தில் ஆகும் அதே முள் எண்ணில்தான். அந்த 65-ஐ விடாதீர்கள். கூடுதல் வேகம் ரன்வே நீளத்தைத் தின்னும், என்ஜினும் இளைத்திருக்கும். கிளம்பும் முன்பே டேக்ஆஃப், லேண்டிங் தூரங்களைச் சார்ட்டில் பாருங்கள்.

கழுகுக்கண்:
270 என்றே இருக்கட்டும். அவர் 1012 என்று திருப்பிச் சொன்னது என் ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்டது. டவர் திருத்தவில்லை. இப்படி மற்றவரின் ரீட்பேக் தவறாகக் கேட்டால் நீங்கள் குறுக்கிட்டுச் சொல்வீர்களா?