2147483647 பகா எண் என்று கையால் சரிபார்ப்பது எப்படி?

கோத்தகிரி டீச்சர்
எங்கள் கணித மன்றத்தில் 31 பிள்ளைகள். 2³¹ − 1, அதாவது 2147483647 பகா எண்தான் என்று அவர்களே கணினி இல்லாமல் சரிபார்க்க வேண்டும். ஆய்லர் 1772-லேயே கையால் நிறுவிவிட்டார். ஆனால் வர்க்கமூலமான 46340 வரை பகா எண்களே நாலாயிரத்துக்கும் மேல். குறுக்குவழி உண்டா? இன்னொன்று: ஒரு மாணவி சி மொழியில் எழுதிய புரோகிராம் இதைப் பகு எண் என்கிறது. சின்ன எண்களுக்குச் சரியாகத்தான் வருகிறது.

குன்னூர் கணக்கு
நாலாயிரம் வேண்டாம் டீச்சர், 372 போதும்.

'ப' என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. 31 பகா எண் என்பதால் அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (ப−1) ஆம் அடுக்குக்கும் மீதி 1. ஆகவே ப−1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றை எண், அதனால் 62-இன் மடங்கு. அடுத்து, 2³²-க்கு மீதி 2. அது 2¹⁶-இன் வர்க்கம். ஒரு வர்க்கத்துக்கு மீதி 2 வந்தால், ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மட்டுமே மிஞ்சும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் பாதை ஏறத்தாழ 46 கிலோமீட்டர். மீட்டருக்கு ஓர் எண் என்றால், 248 மீட்டருக்கு இரண்டே இடத்தில் வண்டி நின்றால் போதும். 1, 63 இரண்டையும் விட்டால் 372. ஆளுக்குச் சரியாகப் பன்னிரண்டு! 3, 5, 7-இன் மடங்குகளை அடித்தாலே பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சும் முதல் பகா எண் 311, அடுத்தது 1303.

முதலில் 2047-இல் பழக்குங்கள். 11 பகா எண்தான், ஆனாலும் 2¹¹ − 1 = 23 × 89. இரண்டுமே 22-இன் மடங்கோடு 1.

எமரால்டு
புரோகிராமில் லூப் 'ஐ*ஐ <= என்' என்று இருக்கும். இதில் 'என்' சோதிக்கும் எண், 'ஐ' அதை வகுத்துப் பார்க்கும் எண். சி மொழியில் முழு எண்களை வைக்கும் 32 பிட் இன்ட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணே 2147483647. ஐ 46341 ஆனதும் வர்க்கம் 2147488281. அடங்காது, பெரும்பாலும் மைனஸாகச் சுருண்டுவிடும். எந்த இன்ட்டும் 2147483647-ஐத் தாண்டாது, ஆக நிபந்தனை பொய்யாவதே இல்லை. ஐ ஓடிக்கொண்டே போய் அந்த எண்ணையே தொடும். தன்னைத்தானே மீதியின்றி வகுத்துப் 'பகு எண்' என்று அச்சிடும். 'ஐ <= என்/ஐ' என்று மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் கணக்கில் தவறே இல்லை.

கோத்தகிரி டீச்சர்
இருவருக்கும் நன்றி. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த இத்தகைய எண்கள் பகா எண்ணா என்று பார்க்கும் லூக்காஸ்–லேமர் சோதனை இதைவிடச் சுருக்கம்தானே?

குன்னூர் கணக்கு
29 தடவை வர்க்கப்படுத்தினால் முடிந்துவிடும். ஆனால் வர்க்கம் 19 இலக்கம் வரை போகும், நடுவில் ஓர் இலக்கம் பிசகினால் அதற்குப் பிறகு எல்லாமே வீண். வகுத்தலில் ஒருவர் பிசகினால் அவருடைய பன்னிரண்டை மட்டும் திரும்பப் பார்க்கலாம்.

8 இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண்ணே ஏறாது. கடைகளில் வைத்திருக்கும் 12 இலக்கம் வேண்டும். 311-ஆல் வகுத்தால் 6905092.11254 என்று காட்டும். முழு எண்ணைக் கழித்து, தசமத்தை 311-ஆல் பெருக்கினால் 34.99994. மீதி 35, 34 அல்ல. பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.