இலக்கணத்தை எப்போது சொல்லித்தருவது: வகுப்பறையில் நான் கண்டவை

வேற்று மொழி கற்பிப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. விதியைச் சொல்லிவிட்டுப் பேசவைப்பதா, பேசவைத்துவிட்டு விதிக்கு வருவதா? நான் ஜெர்மன் கற்றுக்கொண்டேன், பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பெஞ்சிலும் உட்கார்ந்தாயிற்று, பலகை முன்னாலும் நின்றாயிற்று. இலக்கணம் கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் கற்பவருக்கு அது தேவைப்படுகிற நேரத்தில் வர வேண்டும். பேச்சுக்கா எழுத்துக்கா என்ற விவரமும் கூடவே வர வேண்டும்.

முதலில் ஜெர்மன் வகுப்பில் நடந்தது. அந்த மொழியில் 'வைல்' போட்டுக் காரணம் சொன்னால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும்: 'வைல் இஷ் கைனெ ட்சைட் ஹாபெ.' எனக்கு நேரமில்லாததால் என்று அர்த்தம். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது சுலபம். வகுப்பில் இருந்த மற்றவர்கள்தான் திணறினார்கள். ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்காக ஜெர்மானியர் ஒருவர் வந்திருந்தார். பேச்சுவாக்கில் 'வைல் இஷ் ஹாபெ கைனெ ட்சைட்' என்றார். வினை நடுவில் வந்துவிட்டது. ஒரு மாணவி உடனே கையைத் தூக்கி, "இது தப்பாச்சே?" என்று கேட்டார். எங்கள் ஆசிரியர், "தப்புதான், சோம்பலில் அப்படிப் பேசுகிறார்கள்" என்றார். வந்தவர் முகம் மாறிவிட்டது. "எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம்" என்றார். அப்புறம் வகுப்பு முடியும்வரை வாக்குவாதம்தான்.

எழுத்தில் ஆசிரியர் சொன்னதுதான் சரி, தேர்வில் மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும். ஆனால் அதைச் சோம்பல் என்றது எனக்கு ஒப்பவில்லை. பிற்பாடு படித்தபோதுதான் அந்த வரிசைக்கென்று ஒரு வேலை இருப்பது தெரிந்தது. 'அவர் வீட்டுக்குப் போய்விட்டார், ஏன்னா விளக்கு எரியலை' என்கிறோம். விளக்கு எரியாததனால் அவர் போகவில்லை. அவர் போயிருப்பார் என்று நான் நினைப்பதற்குத்தான் விளக்கு ஆதாரம். இதையே 'விளக்கு எரியாததால் வீட்டுக்குப் போய்விட்டார்' என்றால் பொருள் மாறிவிடும். நாம் 'ஏன்னா'வையும் 'ஆல்' உருபையும் வைத்துக் காட்டும் இந்த வித்தியாசத்தை ஜெர்மன் பேச்சில் வினையின் இடத்தை மாற்றிக் காட்ட முடிகிறது. ஊகத்துக்கு ஆதாரம் சொல்லும்போது வினையை முன்னால் கொண்டுவருகிறார்கள். எங்கள் வகுப்பில் கேட்டதுபோல் சாதாரணக் காரணத்துக்கும் அப்படிச் சொல்வதுண்டு. இரண்டு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். தப்பு என்ற ஒரே சொல்லில் அதை மூடிவிட்டது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

இனி ஆங்கிலம். 'ஹி கோஸ்' என்பதில் வரும் 'ஸ்' எல்லாப் புத்தகத்திலும் தொடக்கப் பாடம். எழுத்துத் தேர்வில் சரியாகப் போடுபவர்களுக்குக்கூடப் பேசும்போது அது நழுவிவிடும். என்னிடம் படித்த ஒருவர் அந்த விதியைத் தெளிவாக விளக்கிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே 'மை சன் வொர்க் இன் எ பேங்க்' என்றார். அவருக்கு முன்பு சொல்லித்தந்தவர் இதற்காக எல்லார் முன்னாலும் அவரைத் திட்டியிருக்கிறார். அதன்பின் அந்த வகுப்பில் அவர் வாயே திறக்கவில்லையாம். இது கவனக்குறைவே இல்லை. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலம் கற்பதை 1970களில் ஆராய்ந்தவர்கள், 'இங்' விகுதி சீக்கிரம் படிந்துவிடுகிறது, இந்த 'ஸ்' கடைசியாக வருபவற்றில் ஒன்று என்று கண்டார்கள். முதல் நாளே சொல்லித்தந்தால் முதல் மாதத்திலேயே வந்துவிடாது. இது தெரிந்த ஆசிரியர் அந்த மனிதரைத் திட்டியிருக்க மாட்டார்.

சரி, அப்படியானால் இலக்கணத்தையே விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் இதை வலுவாக வாதிட்டார். விதியைத் தெரிந்துவைத்திருப்பது பேச்சாக மாறாது, புரிகிற அளவிலான மொழியை நிறையக் கேட்டும் வாசித்தும் வந்தால் அது தானாகப் படியும் என்றார். நிறையக் கேட்க வேண்டும், வாசிக்க வேண்டும் என்பதில் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அது மட்டும் போதாது. ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவரை மொழி ஆய்வாளர் ரிச்சர்ட் ஷ்மிட் மூன்று ஆண்டுகள் கவனித்து 1983இல் எழுதினார். அந்த ஓவியர் ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பழகினார், பேச்சுத் திறன் நன்றாக வளர்ந்தது. இலக்கணம் மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கண்ணில் படாத வடிவம் மனதில் ஏறாது என்ற கருத்தை ஷ்மிட் 1990இல் முன்வைத்தார்.

பேச்சு மட்டுமே நடந்த ஒரு வகுப்பிலிருந்து என்னிடம் வந்த பெண்ணைப் பார்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. சரளமாகப் பேசுவார், எல்லாமே நிகழ்காலத்தில். வேலைக்கான நேர்காணலில் 'ஐ வொர்க் தேர் ஃபோர் இயர்ஸ்' என்றிருக்கிறார். அவர் அந்த வேலையை விட்டு வெகுநாளாயிற்று. கேட்டவரோ இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்து, எப்போது ராஜினாமா செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். மறுநாள் வகுப்புக்கு வந்ததும் அவரே கேட்டார்: "முடிஞ்சுபோனதை எப்படிச் சொல்றது? எனக்கு விதியைச் சொல்லுங்க." 'வொர்க்ட்', 'ஹேவ் வொர்க்ட்' இரண்டையும் பலகையில் எழுதி, முடிந்துபோனது எது, இன்றுவரை தொடர்வது எது என்று ஒரு கோடு போட்டுக் காட்டினேன். தன் வேலை வரலாற்றை அந்தக் கோட்டில் அவரே குறித்தார். அத்தனை கவனமாக ஒருவர் இலக்கணம் கேட்டு நான் பார்த்ததில்லை.

திருத்துவது பற்றி என் சக ஆசிரியர் ஒருவரோடு எனக்கு ஓயாத வாதம். அவர் கட்டுரையில் ஒரு பிழை விடாமல் சிவப்பு மையால் சுழிப்பார். ஆய்வாளர்களிடையேயும் இந்த வாதம் உண்டு: ஜான் டிரஸ்காட் 1996இல் இப்படித் திருத்துவதையே கைவிட வேண்டும் என்று எழுதினார், டானா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார். நான் ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுப்பேன். மற்றதை விட்டுவிட்டால் அது ஊறிப்போகும் என்பது அவர் பயம், நியாயமான பயம்தான். இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பலகையில் எந்த விதியை எழுதினாலும் பக்கத்தில் 'பேச்சு', 'எழுத்து' அல்லது 'இரண்டும்' என்று குறிப்பதற்கு அவரும் சம்மதித்துவிட்டார். இப்போது இரண்டு பேர் வகுப்பிலும் அப்படித்தான் எழுதுகிறோம்.